ஒரு மூச்சில் சொல்ல வேண்டிய வாக்கியம்

ஓடைப்பட்டி சுருளியாண்டிக்கு இங்கிலீஷ் கையில் இருந்தது, வாயில் இல்லை. உத்தமபாளையத்தில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். மனு எழுத உட்கார்ந்தான் என்றால் தாசில்தாரே நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார். ஊரில் யாருக்கு ஆபீஸ் காகிதம் வந்தாலும் நேரே அவனிடம்தான் வரும். ஆனால் ஒரு வெள்ளைக்காரன் எதிரில் நின்று உன் பேர் என்ன என்று கேட்டுவிட்டால் போதும், நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அவனுக்குப் பாடம் சொன்ன வாத்தியார்கள் இங்கிலீஷையும் தமிழில்தான் நடத்தினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை, அவர்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

முப்பத்தைந்தாம் வருஷம் சின்னமனூருக்கு மேலே, மலையில் தேயிலை போட்டிருந்த ஒரு எஸ்டேட்டுக்கு கணக்கெழுதுகிற ரைட்டர் வேலை கேட்டுப் போனான். மனுவைப் படித்த துரை சந்தோஷமாகத்தான் உள்ளே கூப்பிட்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் இவன் "எஸ் சார்" என்றான். வயது என்ன என்று கேட்டதற்கும் "எஸ் சார்". துரை பட்லரை அழைத்து, இந்த ஆளுக்குக் காது கேட்காதா என்று விசாரித்தார். இவன் மலையிறங்கி வருவதற்குள் அந்தக் கதை ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓடைப்பட்டி இளவட்டங்கள் இவனைக் கண்ட இடத்தில் "எஸ் சார்" என்று கும்பிடு போட்டார்கள்.

வேலை கிடைக்காததால் குடி முழுகிவிடவில்லை. அப்பன் வீரணனுக்குக் கிணற்றோடு தோட்டம் இருந்தது. தண்ணீர் இறைக்கிற கமலையை இழுக்க நல்ல ஜோடி மாடு இருந்தது. உழுது சாப்பிடலாம். சுருளியாண்டி மலைக்குப் போக ஆசைப்பட்டது மாயக்காளுக்காக.

மாயக்காள் அவன் பெண்டாட்டி, அத்தை மகளும்கூட. வீரணனுடன் கூடப்பிறந்த பஞ்சம்மாளின் ஒரே பெண். சின்னப் பிள்ளையில் மூட்டுக்கு மூட்டு வீங்கி ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது அவள் மூச்சிலும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போனது. கல்யாணமாகி, உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டு வேலைக்கு வந்த பிறகுதான் அது தெரிந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தால் வாசலில் இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உதடு நாவல்பழம் தின்றவள் உதடாக நீலம் பாய்ந்திருக்கும். மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, இருதயம் பலவீனம், பாரம் தூக்கக் கூடாது, பிள்ளைப்பேறு கூடவே கூடாது என்றார். கூடப் போனது பஞ்சம்மாளும் சுருளியாண்டியும் மட்டும்தான். பிள்ளை விஷயம் வெளியே தெரிந்தால் அவனுக்கு மறுதாரம் பேசிவிடுவார்கள் என்று பயந்து, டாக்டர் சொன்னது மொத்தத்தையும் இருவருமாக அமுக்கிவிட்டார்கள்.

அதனால் வீட்டில் மற்றவர்களுக்கு மாயக்காள் ஒரு சோம்பேறி. அவன் ஆத்தா அக்கம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை தானே ஓடுகிறவளுக்கு, குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்கிற மருமகளைப் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? "மகாராணிக்கு மூச்சு வாங்குதாம்" என்று மாட்டிடம் சொல்வாள். மாயக்காள் சிரித்துக்கொண்டே அடுத்த குடத்தை எடுப்பாள். பார்த்துக்கொண்டிருக்கிற சுருளியாண்டிக்கு மனசு கேட்காது. வாங்கிச் சுமந்தாலோ, பெண்டாட்டிக்குத் தண்ணீர் தூக்குகிறவன் என்று ஊர் சிரிக்கும். எஸ்டேட்டில் ரைட்டருக்குக் குவாட்டர்ஸ் உண்டு, வாசலில் குழாய் உண்டு, விறகு கொண்டுவந்து போட ஆள் உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்தக் குழாய் அவன் மனசை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் ஞானசிகாமணி சின்னமனூர்ச் சந்தைக்கு இறங்கினார். அதே மலையில் வேறொரு எஸ்டேட்டான கரடிப்பாறையின் ஹெட் ரைட்டர் அவர். "எஸ் சார்" கதையைச் சிரிக்காமல் பேசிய ஒரே மனிதரும் அவர்தான்.

"வர்ற தையில எங்க எஸ்டேட்ல ரைட்டர் எடம் காலியாகுது தம்பி," என்றார். "ஒங்கிட்ட சரக்கு இருக்கு, வெளிய வர மாட்டேங்குது, அம்புட்டுத்தான். பழைய துரை சீமைக்குப் போறப்ப எனக்கு ஒரு கிராமபோன் பெட்டியக் குடுத்துட்டுப் போனாக. அதோட கொஞ்சம் பேச்சு பிளேட்டும் கெடக்கு. யாரோ சீமை புரொபசரு, ஒசந்த மலைகளப் பத்திச் சயின்ஸ் பேசுறாரு. எம் பிள்ளைக அதத் தொடக்கூட மாட்டேங்குதுக. நீ கொண்டுபோ. அவரு ஒண்ணு சொல்லவும் நீயும் அதயே திருப்பிச் சொல்லு. துரைக வாயி எப்படிப் போகுதோ அப்படி ஒன் வாயும் போகணும்."

பெட்டி தோட்டத்துக்கு வந்த அன்று பாதி ஊர் கிணற்றடிக்கு வந்துவிட்டது. சுருளியாண்டி சாவி கொடுத்து ஊசியை வைத்தான். கரகரப்புக்கு நடுவே ஒரு கிழவர் பேச ஆரம்பித்தார். இப்போது பாட்டு வரும், இப்போது பாட்டு வரும் என்று ஜனம் பொறுமையாக இருந்தது. பிளேட்டு தீர்ந்தது. "கூத்துக்கு முன்னாடி கட்டியங்காரன் வந்து பேசுறானப்பா, ராசா இனிமே வருவாரு," என்று ஊர்ப் பெரியவர் தவசி எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். அடுத்த பிளேட்டிலும் அதே கிழவர். அதற்கடுத்ததிலும் அவரே. "ராசாவுக்கு ஒடம்பு சொகமில்ல போல," என்று சொல்லிவிட்டுத் தவசி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னாலேயே கூட்டமும் கலைந்தது.

சுருளியாண்டிக்கு அதுதான் வசதியாகப் போயிற்று. கமலை இறைக்கிறவன் வாய் சும்மா இருக்காது. வடக்கயிற்றில் உட்கார்ந்து மாட்டை வாரிச் சரிவில் இறக்கும்போது பாட்டில் ஒரு அடி, மாடு பின்னுக்கு ஏறும்போது இன்னொரு அடி என்று பாடிக்கொண்டே இறைப்பதுதான் வழக்கம். இவன் பாட்டுக்குப் பதில் புரொபசர் பேச்சை வைத்துக்கொண்டான். காலையில் குடிசைக்குள் பெட்டியை ஓடவிட்டு நாலைந்து வாக்கியத்தைக் காதில் வாங்குவான். பிறகு இறைத்து முடிகிறவரை அதையே சொல்வான். சால் மேலே வந்து தண்ணீர் கொட்டும்போது வாக்கியம் முடிந்திருக்க வேண்டும், நடுவில் மூச்சு விடக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். மேலே போகப் போகக் காற்று மெலிந்துபோகும், தண்ணீர் சீக்கிரம் கொதித்தும் பருப்பு வேகாது, நாடி வேகமாக அடிக்கும் என்றெல்லாம் சீமைக் கிழவர் சொன்ன சங்கதிகளைக் கேட்டுக்கொண்டு வீரணனின் மாடுகள் கத்தரிக்குத் தண்ணீர் இறைத்தன.

மாயக்காளுக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை. இருக்கிற வேலையில் அதுதான் லேசு என்று சுருளியாண்டி ஆத்தாளிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தது. ஒரு பாத்திக்கு மடையைத் திறந்துவிட்டால் அது நிறைகிறவரை வரப்பில் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தவள் வாயும் சும்மா இல்லை. அவளுக்கு அ, ஆ தெரியாது. ஆனால் கிழவர் பேச்சு அவள் வாயில் இவனைவிடச் சுத்தமாக வந்தது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பட்டுக் கெடாத வாய்.

இருப்பதில் கஷ்டமானது மூன்றாவது பிளேட்டின் கடைசி வாக்கியம். நீளம் ஒரு பக்கம், நடுவில் ஒரு கொக்கி போட்டுத் திரும்புகிற திருப்பம் ஒரு பக்கம். ‘ஆல்டிட்யூட்ஸ்’ என்று முடிவதற்குள் சுருளியாண்டிக்கு எங்கேயாவது நாக்குப் பிறழும். நாட்கணக்கில் அதனுடனே மல்லுக்கட்டினான்.

"மாமா, அந்தக் கடேசி அடிய நீங்க தப்பாச் சொல்றீக," என்றாள் மாயக்காள் வரப்பிலிருந்து. "கெழவர் ‘நெவர்’னு ஒரு எடத்துல அமுக்குறாரு. நீங்க சும்மா ஓட்டிட்டுப் போறீக."

"ஒனக்கு என்னத்தா தெரியும் அதப் பத்தி?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் எல்லாரும் பாடுறாகளாக்கும்," என்று சொல்லிவிட்டு, அவளே அதைச் சொல்லிக் காட்டினாள். அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. கொக்கி திரும்புகிற இடத்தில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டு மறுபாதியைச் சொல்வாள். ஆனால் ‘நெவர்’ என்பதைக் கிழவர் அமுக்கியதுபோலவே அமுக்கினாள். சுருளியாண்டி அவளைப் பார்த்துச் சொல்லித்தான் அந்த வாக்கியத்தைப் பிடித்தான். கல்யாணமாகி அந்த இருவரும் அவ்வளவு சிரித்த நாட்கள் வேறு இல்லை.

மார்கழிக் கடைசியில் துரை சின்னமனூருக்கு இறங்கி துரைமார் தங்குகிற முசாபரி பங்களாவில் ஆள் பார்க்கப் போவதாக ஞானசிகாமணி சொல்லியனுப்பினார். சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். குடும்பம் இல்லாதவனுக்கு வேலை இல்லை என்பது அந்தத் துரை வைத்த சட்டம். தனியாக வருகிறவன் பொங்கலுக்கு இறங்கினால் மாசிப் பச்சைத் திருவிழா முடிந்துதான் மலையேறுகிறான் என்று அவருக்குக் கோபம். அதனால் ஆளைத் துரை பார்ப்பார், அவன் பெண்டாட்டியைத் துரைசாணி பார்ப்பாள். இந்தப் பெண் மலையில் நிலைப்பாளா, இல்லை மழை பிடித்ததும் அழுதுகொண்டு ஓடுவாளா என்று கணிப்பது அவள் பொறுப்பு.

"நீ ஒண்ணும் பேச வேணாம்த்தா. கும்பிட்டு நின்னாப் போதும்," என்று வண்டியில் போகும்போது சுருளியாண்டி சொன்னான்.

"நான் என்னத்தப் பேசப் போறேன்," என்றாள் அவள்.

பங்களா வராந்தாவில் துரையும் துரைசாணியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பேர், ஊர், படிப்பு எல்லாவற்றுக்கும் சுருளியாண்டி முன்னாலேயே மனப்பாடம் செய்துவைத்த பதிலைக் கணீரென்று சொன்னான். துரையின் புருவம் உயர்ந்தது. பக்கத்தில் நின்ற ஞானசிகாமணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் துரை, அவன் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். உன் தகப்பனுக்கு நிலம் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் மலைக்கு வர ஆசைப்படுகிறாய்?

பிளேட்டில் அதற்குப் பதில் இல்லை. உண்மையான பதிலை எந்த மொழியிலும் சொல்ல முடியாது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. துரை காத்திருந்தார். சுருளியாண்டியின் வாய்க்குள் "எஸ் சார்" திரண்டு வந்து முட்டிக்கொண்டு நின்றது.

மாயக்காளுக்கு அந்த முகம் தெரியும். வேலை கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். புருஷனுக்கு மட்டுமில்லை, அவன் பெண்டாட்டிக்கும் இங்கிலீஷ் வரும் என்று தெரிந்தால் இவர்கள் எப்படி வேண்டாம் என்பார்கள்? தனக்குத் தெரிந்ததில் நீளமானது எதுவோ, மாமா அதிகம் பாடுபட்டது எதுவோ அதையே எடுத்தாள். ஒரு அடி முன்னால் வந்து, துரைசாணியைக் கும்பிட்டுவிட்டு, அந்த வாக்கியத்தைச் சொன்னாள். நடுவில் நின்று மூச்சை இழுத்தாள். ‘நெவர்’ என்பதை அமுக்கினாள்.

இருதயம் பலவீனமான ஒருவரை, பார்வைக்கு அவர் எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், இத்தனை உயரங்களுக்கு ஒருபோதும் அழைத்துச் செல்லக் கூடாது. அவள் சொன்னது இதுதான்.

துரைசாணி கோப்பையைக் கீழே வைத்தாள். மாயக்காளின் உதட்டைப் பார்த்தாள், ஏறி இறங்குகிற நெஞ்சைப் பார்த்தாள், பிறகு புருஷனிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். துரை முகம் மாறிச் சுருளியாண்டியைக் கேட்டார்: உன் மனைவிக்கு இருதயக் கோளாறு உண்டா?

அந்த வாக்கியத்தின் பொருள் அப்போதுதான் அவனுக்குள் இறங்கியது. இத்தனை நாள் சொன்னவனுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் நொடியில் சொல்லியிருப்பான். காது வழியே வந்தது வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது, நடுவில் மனசைத் தொடவில்லை. இப்போது தொட்டது. மதுரை டாக்டர் சொன்னதும், சீமைக் கிழவர் சொன்னதும், எதிரில் நின்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருக்கிற மாயக்காளின் முகமும் ஒன்றாக அவன் கண்முன்னால் நின்றன. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை போகும். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பட்டி வாசலில் நிற்பாள். பெட்டியை ஞானசிகாமணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இவன் பழையபடி "எஸ் சார்" சுருளியாண்டி ஆவான்.

"இல்லை சார்," என்றான் இங்கிலீஷில். "அவள் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறாள். அது நான் கிராமபோனில் கேட்டுப் பயிற்சி செய்கிற வாக்கியம். என்னைப் பார்த்து அவளும் சும்மா திருப்பிச் சொல்கிறாள். அர்த்தம் அவளுக்குத் தெரியாது, சார்."

எந்தப் பிளேட்டிலும் இல்லாதது அது. அவன் வாயிலிருந்து சொந்தமாகப் பிறந்த முதல் இங்கிலீஷ். நாக்கு எங்கேயும் பிறழவில்லை. துரை தொடையைத் தட்டிச் சிரித்தார். துரைசாணி மட்டும் சிரிக்கவில்லை. தையில் வந்து சேரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும்போது வண்டியில் மாயக்காளுக்கு ஒரே சந்தோஷம். "நான் பேசலன்னா நீங்க அங்கன அப்படியே நின்னுருப்பீக," என்று இடித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள். "மாமா, நான் சொன்னதுக்கு அர்த்தம் என்ன? அந்தம்மா ஏன் என்னைய அப்படிப் பாத்துச்சு?"

சுருளியாண்டி மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒசந்த மலையில காத்து நல்லாருக்கும், சீக்காளிக்கெல்லாம் ஒடம்பு தேறிரும்னு அர்த்தம்."

"இம்புட்டுதானா? இதுக்கா கெழவர் அந்த அமுக்கு அமுக்குனாரு," என்று அவள் சிரித்தாள்.

சமாதானத்துக்கு அவனிடம் நியாயம் இல்லாமல் இல்லை. சீக்கு வந்தால் வெள்ளைக்காரனே மலைக்குத்தானே ஓடுகிறான். கிழவர் பேசியது பனி மூடிய மலைகளைப் பற்றி, நம் மலை அதில் கால்வாசி உயரம்கூட இருக்காது. பாரம் தூக்காமல் இருந்தாலே அவளுக்குப் பாதி சரியாகிவிடும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டான். ஒன்றும் பொய் இல்லை. ஆனால் ஒரு தடவைகூட அவளிடம் இதைச் சொல்லி, நீ என்ன சொல்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. அதுதான் பாவம்.

புறப்படுவதற்கு முன்னால் பஞ்சம்மாள் வந்து அவனைத் தனியே கூப்பிட்டாள். "ஏலே சுருளி, மேல கூட்டிட்டுப் போறியே, அந்த டாக்டர் சொன்னது நெனப்பிருக்காய்யா?"

"மலைக்காத்து நல்லது அத்த. படிச்சவுக சொல்றாக."

"நீ சொன்னாச் சரிய்யா," என்று அவள் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அடிவாரம் வரை வண்டி, அங்கிருந்து நடை. சாமான் மட்டக்குதிரையில் போயிற்று. மாயக்காள் கொஞ்சம் நடப்பாள், பாறை கண்ட இடத்தில் உட்காருவாள். சுமை தூக்கிய எஸ்டேட் பெண்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். பாதி மலையில் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, திரும்பிவிடலாம் என்று சொல்லச் சுருளியாண்டி வாயைத் திறந்தான். அதற்குள் அவள், "காத்து சிலுசிலுன்னு நல்லாத்தான் மாமா இருக்கு," என்று எழுந்து நடந்தாள்.

முதல் இரண்டு மாசம் நன்றாகவே போனது. அதை ஒளிக்கக் கூடாது. குவாட்டர்ஸ் வாசலில் சொன்னபடி குழாய் இருந்தது. வந்த அன்று மாயக்காள் அதைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தாள். தண்ணீர் தானே வந்து குடத்தில் விழுவதைப் பார்த்து ஆத்தாளிடம் சொல்ல வேண்டும் என்றாள். சுருளியாண்டிக்கும் நல்ல பேர். பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தால் துரை இவனைக் கூப்பிட்டுப் பேசவைத்துக் கேட்பார். கமலை மேட்டில் இங்கிலீஷ் படித்தவன் என்று அறிமுகப்படுத்துவார். அவர்கள் பாராட்டுவார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. மாயக்காளுக்காக மலையேறியவன், மெல்ல மெல்லத் தனக்காகவும் அங்கே இருக்க ஆரம்பித்தான்.

சித்திரையில் அவள் காலில் வீக்கம் கண்டது. ஆனி மழை பிடித்ததும் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். எஸ்டேட்டில் வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் சங்கரலிங்கம் வந்து பார்த்துவிட்டு, சுருளியாண்டியை வெளியே கூட்டிப் போனார்.

"இது சளி இல்ல ரைட்டரே. நெஞ்சுக் கோளாறு, பழசு. கீழ எறக்கி மதுரைக்குக் கொண்டுபோகணும். நான் துரைகிட்டச் சொல்லி டோலிக்கு ஏற்பாடு பண்றேன்."

"துரைகிட்டச் சொல்ல வேணாங்க," என்றான் சுருளியாண்டி.

"ஏன்?"

பூரண ஆரோக்கியம் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது? "மழ விடட்டும். நானே பதனமாக் கூட்டிட்டுப் போறேன்," என்றான். டிரஸ்ஸர் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். மழை விடவில்லை. மலையில் ஆனி மழை எந்தக் காலத்தில் கேட்டவுடன் விட்டிருக்கிறது?

ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பும்போது மாயக்காள் கேட்டாள். "மாமா, ஒருநட கீழ போயிட்டு வந்துருவமா? ஆத்தாளப் பாக்கணும் போல இருக்கு."

"அடுத்த வாரம் போவம்த்தா. துரைசாணி ஊர்லருந்து விருந்தாளுக வந்துருக்காக."

"சரி." கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டு, அவன் மனசு நோகக் கூடாது என்று சேர்த்துச் சொன்னாள். "காத்து நல்ல காத்துதான் மாமா. எனக்குத்தான் இழுத்துக்கத் தெம்பில்ல."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் இருந்தது. ஆபீஸ் மணி அடித்தது, போய்விட்டான். வெயில் எட்டிப் பார்க்காத அந்த முற்பகலிலேயே விறகு போடுகிற பெண் நனைந்துகொண்டு ஆபீசுக்கு ஓடிவந்தாள். இவன் போய்ப் பார்க்கும்போது மாயக்காள் சுவரில் சாய்ந்தபடிதான் இருந்தாள். பக்கத்தில் கஞ்சி ஆறாமல் இருந்தது.

சங்கரலிங்கம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒசரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, இந்தச் சீக்குக்குக் கீழே இருந்தாலும் ரொம்ப நாள் தாங்கியிருக்காது என்றார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இனி வழி கிடையாது. துரைசாணி குடை பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அவனையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

துரை டோலி கொடுத்தார். ஏறும்போது பாறை பாறையாக உட்கார்ந்து நடந்தவள், இறங்கும்போது நாலு பேர் தோளில் இறங்கினாள். சுருளியாண்டி பின்னால் நடந்தான். முன்னாலேயே ஆள் போய்த் தகவல் சொல்லியிருந்ததால் அடிவாரத்துப் புளியமரத்தின் கீழ் பஞ்சம்மாள் காத்திருந்தாள். வீரணனும் மற்றவர்களும் வண்டியோடு தள்ளி நின்றார்கள்.

பஞ்சம்மாள் அலறவில்லை. டோலியை இறக்கச் சொல்லி, போர்வையை விலக்கி, மகள் முகத்தைப் பார்த்தாள். ஈரத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு எழுந்து வந்து சுருளியாண்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னய்யா ஆச்சு? நல்ல காத்துன்னுதானய்யா சொன்ன."

அவன் வாயைத் திறந்தான். தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை. இங்கிலீஷ் வந்தது. எனக்குத் தெரியும், என்றான். இவளே என்னிடம் சொன்னாள், துரைக்கு முன்னால் நின்று சொன்னாள். நான் பொய் சொன்னேன். இவளிடமும் பொய் சொன்னேன், உங்களிடமும் பொய் சொன்னேன். கீழே கொண்டுவந்திருக்கலாம், என் பேர் கெட்டுவிடும் என்று கொண்டுவரவில்லை. நான்தான் இவளைக் கொன்றேன். நாக்கு ஓரிடத்திலும் தட்டவில்லை. துரையே கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். டோலி தூக்கி வந்தவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பஞ்சம்மாள் முழுவதையும் கேட்டாள், பிடித்த கையை விடவில்லை. துக்கத்தில் அவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று பயந்துபோய், அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அழுதுருய்யா, அடக்காத. நீ என்ன சொல்றன்னு ஆத்தாளுக்கு வெளங்கலையே. தமிழ்ல சொல்லு."

சுருளியாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல அத்த," என்றான்.